பதினோராவது கேள்விக்கு நான் போட்ட டிக்

அந்தத் தாளில் பதினெட்டு டிக் நீல மையில் இருந்தன, இரண்டு பச்சை மையில். நீலம், குமாரபாளையத்து அக்கா என்று நான் கூப்பிடும் பெண்ணின் வீட்டுக்காரர் போட்டது. பச்சை நான் போட்டது. அன்றைக்கு என் வெள்ளைக் கோட்டின் பையில் பச்சைப் பேனாதான் இருந்தது. அவசரத்தில் மையின் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. நிறம் வேறாக இருந்ததால்தான் அந்த இரண்டும் என்னுடையவை என்பதை என்னால் பிறகு மறுக்க முடியாமல் போயிற்று. எல்லாம் ஒரே நீலமாக இருந்திருந்தால் நான் அதை மறந்துவிட்டிருக்கக்கூடும். இன்று நிம்மதியாகவும் இருந்திருப்பேன். அந்த நிம்மதியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

எருமப்பட்டியிலிருந்து வந்து, பேச்சுப் பயிற்சியாளராகச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் இல்லை. படியில் ஆள் ஏறும்போதெல்லாம் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் போகும். இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்து, சான்றிதழ்களையும் அவர்களிடமே ஒப்படைத்திருந்தேன். காலையில் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டால், சாயங்காலம் அணைத்துவிட்டு வெளியே வரும்போதுதான் அன்று மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று தெரியும். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். அதற்குள் பயிற்சி சொல்லிக்கொடுத்து, மூச்சை அளந்து, கேள்வித்தாளையும் நிரப்பி வாங்க வேண்டும்.

கேள்வித்தாள் எங்கள் பிரிவின் பெரிய டாக்டரின் ஏற்பாடு. குரல்நாண் இரண்டில் ஒன்று அசையாமல் போனவர்களுக்கென்று அதைத் தமிழில் தயாரித்து வைத்திருந்தார். தொண்டைக்குள் இருக்கும் அந்த இரண்டு நாண்களும் கதவின் இரண்டு பலகை மாதிரி ஒன்றையொன்று வந்து தொட்டால்தான் குரல் பிறக்கும். ஒன்றுக்குப் போகும் நரம்பு செயலிழந்தால் அந்தப் பலகை பாதி வழியில் நின்றுவிடும். காற்றெல்லாம் இடுக்கு வழியே போய்விடும். பேச நினைத்தால் மூச்சுதான் வரும், தண்ணீர் குடித்தால் புரை ஏறும். கேமரா விட்டுப் பார்த்தால் நாண் அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் அதனால் அந்த மனிதருக்கு என்ன கஷ்டம் என்று கேமராவுக்குத் தெரியாது என்பார் பெரிய டாக்டர். "நான் பாத்ததை நான் எழுதிக்கறேன்மா. அவங்க பட்டதை அவங்கதான் எழுதணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. மொத்தம் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை ஐந்து கட்டங்கள். கூட்டினால் வரும் எண் குறையக் குறைய ஆள் தேறி வருகிறார் என்று பொருள். ஆபரேஷன் வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று முடிவெடுப்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய இடம் இருந்தது. அது நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அக்காவுக்குத் தைராய்டுக் கட்டி. வேறோர் ஊரில் எடுத்திருந்தார்கள். கட்டி நரம்போடு ஒட்டியிருந்ததாம், குரல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் எடுத்தார்கள். போய்விட்டது. எங்களிடம் வந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. வயது நாற்பத்து மூன்று. பருத்திச் சேலை, கழுத்துத் தழும்பை மறைக்க முந்தானையை இழுத்துச் சுற்றியிருந்தார். "வாங்கக்கா, உக்காருங்க" என்றேன். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. உதட்டைப் பார்த்து, "வாரேனுங்க" என்று சொன்னதாக ஊகித்துக்கொண்டேன். அந்த முதல் நாள் மற்ற நோயாளிகள் அதிகம் இல்லை. இருபது கேள்விகளையும் நானே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். தாளை என்னோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்து, விரலால் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ஐம்பத்திரண்டு வந்தது. 'என் குரலைக் கேட்டு எனக்கே அழுகை வருகிறது' என்ற கேள்விக்கு மட்டும் விரல் எங்கும் போகாமல் நின்றது. பிறகு என் காதருகே குனிந்து, "அழுதாலும் சத்தம் வரமாட்டேங்குதுங்க அம்மிணி" என்றார். அதற்கு ஒரு கட்டமும் இல்லை. எப்போதும் என்பதில் போட்டேன்.

அவர்கள் வீட்டை நான் பிறகு ஒருமுறை பார்த்திருக்கிறேன். முன்னால் இரண்டு அறை, பின்னால் நான்கு தறி ஓடும் கூடம், கூடத்தின் மூலையில் நூல் அறை. அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் சாயங்காலம் வரை தெருவே அதிர்ந்துகொண்டிருக்கும். அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். குழந்தைகள்கூட அங்கே மெல்லப் பேசிப் பழகுவதில்லை. அக்கா கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருடம் அந்தக் கூடத்தில் கத்தியிருக்கிறார். இழை அறுந்தால் கத்த வேண்டும், ஊடுநூலை ஓட்டும் நாடா சிக்கினால் கத்த வேண்டும், சாப்பிட வரச்சொல்லக் கத்த வேண்டும். குரல் போன பிறகு அவர் ஒவ்வொருவர் அருகிலும் நடந்துபோய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. தறியில் நிற்பவரைப் பின்னாலிருந்து தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஒருமுறை கூலிக்கு வந்திருந்த ஆள் அதிர்ந்துபோய்த் திட்டிவிட்டாராம்.

வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விசில் வாங்கி வந்து கயிறு கோத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை வந்தபோது அதைப் பெருமையாகச் சொன்னார். "இப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. ஊதுனா போதுமுங்க, நான் எங்கிருந்தாலும் திரும்பிப் பாத்துருவேன்." பாசத்தோடுதான் சொன்னார். மனைவியின் கைப்பையைத் தானே சுமந்துகொண்டு வருகிற மனிதர் அவர். புரை ஏறினால் தலையைத் தட்டிக்கொடுப்பார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருப் பிள்ளைகள் அவரை விசில் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள் என்பதையும், அவர் அந்த விசிலைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டுத் தொடுவதே இல்லை என்பதையும் நான் வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன்.

அந்த இரண்டாம் முறை கூட்டம் அதிகம். கேள்வித்தாளை அவர்களிடம் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பித் தரச் சொன்னேன். பேனாவை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அது இயல்பாக நடந்தது. கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது, அவர் வேகமாகப் படிப்பார், அக்காவால் பேச முடியாது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கேள்வியைப் படிப்பார், மனைவியின் முகத்தைப் பார்ப்பார், "இதெல்லாம் இல்லைல்ல?" என்பார், டிக் போடுவார். முப்பதாகக் குறைந்திருந்தது. 'விசேஷ வீடுகளில் பேசச் சிரமப்படுகிறேன்' என்ற கேள்விக்கு ஒருபோதும் இல்லை என்று இருந்தது. பொய் இல்லை. அக்கா விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டிருந்தார். போனில் பேசுவது கடினம் என்பதற்கும் ஒருபோதும் இல்லை. போன் எடுத்தால்தானே கடினம்? அவர் உலகம் ஒவ்வொரு மாதமும் ஓர் அறை அளவு சுருங்கியது. சுருங்கச் சுருங்க அதற்குள் கஷ்டமும் குறைந்துகொண்டே வருவதாகத் தாளில் பதிவாயிற்று.

ஆறாவது மாதம் மூன்றாவது தாள். அதில் பதினான்கு. ஆனால் 'ஆ' என்று இழுத்துச் சொல்லச்சொல்லி நான் கடிகாரத்தைப் பார்த்தபோது முதல் நாள் நான்கு நொடி நின்ற மூச்சு அன்றைக்கும் ஐந்தைத் தாண்டவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் சென்னையில் ஒரு மாநாட்டில் எங்கள் பிரிவின் முன்னேற்றத்தைக் காட்டப்போகிறார், அதற்காக நான் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். இறங்கிவரும் கோடுகளில் மிக அழகாக இறங்கியது அக்காவின் கோடுதான். அந்தத் தாளில் இரண்டு கேள்விகளை வீட்டுக்காரர் காலியாக விட்டிருந்தார். காலியிடம் இருந்தால் கணினி கூட்டலை ஏற்காது. அவர்கள் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பதினேழாவது கேள்வி என்னவென்று நினைவில்லை. பதினோராவது கேள்வி நினைவிருக்கிறது. 'உதவிக்கு நான் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை.' வீட்டில்தான் எப்போதும் ஆள் இருக்கிறார்களே, அன்பான கணவர், விசில் வேறு இருக்கிறது என்று எண்ணி, பச்சைப் பேனாவால் இரண்டுக்கும் ஒருபோதும் இல்லை என்று போட்டேன். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

நாண் அசையவில்லை என்று கேமரா காட்டியது. தாள் பதினான்கு என்றது. பெரிய டாக்டர் தன் கொள்கைப்படியே தாளை நம்பினார். "அவங்களே நல்லா இருக்குன்னு சொல்றப்ப நாம எதுக்குக் கத்தி வைக்கணும்? ஆறு மாசம் கழிச்சு வரட்டும்" என்றார். அடுத்த வாரம் அவர்களை வரவழைத்துச் செய்தியைச் சொன்னபோது வீட்டுக்காரர் கைகூப்பினார். அக்கா என்னை மட்டும் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படியில் யாரோ கூட்டமாக இறங்கினார்கள். தடதடவென்ற சத்தம் அடங்குவதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

அதற்கு ஏழெட்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, முன்பதிவு எதுவும் இல்லாமல் அக்காவை அவர் மகள் கூட்டிவந்தாள். திருச்செங்கோட்டில் கல்லூரியில் படிக்கிற பெண். அக்காவின் இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. "எங்கம்மா நாலு நாளா உதட்டைக்கூட அசைக்க மாட்டேங்குதுங்க. என்ன கேட்டாலும் சும்மா பாக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். வீட்டுக்காரர் எங்கே என்றேன். வெளியே நிற்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்றாள். அவளையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்த எழுந்தேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைச் சாத்த விடவில்லை. திறந்தே இருக்கட்டும் என்று உட்கார்ந்தோம். அதன் பிறகுதான் அவர் சொல்லத் தொடங்கினார். அவர் வாய்க்கு அருகே காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது. நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நூல் எடுக்க நூல் அறைக்குள் போயிருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை, தகரக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். வீட்டுக்காரர் துணி மூட்டையோடு ஈரோட்டுக்குக் கிளம்பியவர், கதவு திறந்து கிடக்கிறதே என்று போகிற போக்கில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. குரல் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் தட்டினார், நூல் கண்டு பெட்டியால் இடித்தார். "தறிக்காரத் தெருவுல தட்டுற சத்தம் எல்லா ஊட்லயும் கேக்கறதுதானுங்க அம்மிணி. யாரோ தறியை ரிப்பேர் பண்றாங்கன்னு நெனைப்பாங்க. ஆளு சத்தம் கேட்டாத்தான் வருவாங்க." மதியம் போல கரண்ட் போயிற்று. தெரு முழுவதும் மோட்டார்கள் நின்று, ஊரே ஓய்ந்தது. அந்த அமைதி வந்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டதாம், இப்போது கேட்கும் என்று. மகள் கல்லூரிக்குப் போயிருப்பதையும் மறந்து, மூச்சை முழுக்க இழுத்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். காற்று வந்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் காற்றுதான். கூலிக்கு நின்ற ஆள் கரண்ட் இல்லை என்று டீக்கடைக்குப் போயிருந்தார். அரை மணி நேரத்தில் கரண்ட் வந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நான்கரை மணிக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்து, நூல் அறைக் கதவுக்குக் கீழே முந்தானை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திறந்திருக்கிறாள்.

"தறி ஓடுறப்ப எனக்குப் பயமில்லீங்க. சத்தம் நின்னப்பத்தான் பயம் வந்துச்சு" என்றார் அக்கா.

நான் அவருடைய கோப்பை எடுத்து மூன்றாவது தாளைப் பிரித்தேன். அவரும் பார்த்தார். பச்சை டிக் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. "இது அவரு போட்டதுங்களா?" என்று கேட்டார். இல்லை, நான் போட்டது என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் நினைத்தேன். அவர் பதினோராவது கேள்வியை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு, "இந்தத் தாள்லயும் இந்தக் கேள்வி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஜன்னலில்லாத அறையில், என் மேஜைக்கு அந்தப் பக்கம் கதவைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றுவரை மனதிலிருந்து கலைத்துவிட முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் இரண்டு பேருமே உள்ளே மாட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது.

புதுத் தாள் ஒன்றை எடுத்துவைத்து முதல் கேள்வியிலிருந்து படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், நர்ஸ் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அறுபத்தேழு வந்தது. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். பச்சை டிக் என்னுடையது என்றும், பேனா அக்காவின் கையில் இருந்ததே இல்லை என்றும் சொன்னேன். வேலை போய்விடும், சான்றிதழ்களும் கிடைக்காது என்று உறுதியாக நம்பினேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருக்கே?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "தெரியல சார்" என்றேன். நான் சொன்னதிலேயே எனக்கு அதிகம் வலித்த பதில் அதுதான், ஏனென்றால் அது உண்மை. மாநாட்டுக்கு என்று வைத்திருந்த வரைபடத்தை அவர் அன்றே கிழித்துப் போட்டார். எல்லாக் கோப்புகளையும் எடுத்து, காலியிடங்களை யார் நிரப்பினார்கள் என்று பார்க்கச் சொன்னார். ஒன்பது தாள்களில் நான் போட்ட டிக் இருந்தது. ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டோம். ஏழு பேர் வந்தார்கள்.

வீட்டுக்காரரை டாக்டர் உள்ளே அழைத்தபோது அவர் உட்காரவில்லை. "உள்ள இருக்கறான்னு தெரிஞ்சா தாழ் போடுவேனுங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தாளில் ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கஷ்டம்னு போட்டா மறுக்கா அறுப்பீங்கன்னுதானுங்க" என்றார். "போன தடவை அறுத்ததுல குரல் போச்சு. இன்னொருக்கா அறுத்தா ஆளே போயிருவாளோன்னு பயமுங்க. நான் வேற என்ன பண்ணட்டும்?" அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் நிற்க முடியாமல் போயிற்று. அவர் பயத்தில் போட்டார், நான் அவசரத்தில் போட்டேன். இரண்டும் போய்ச் சேர்ந்த கட்டம் ஒன்றுதான்.

ஆபரேஷன் வேண்டும் என்று அக்காவே தலையாட்டினார், அடுத்த மாதம் நடந்தது. அசையாத நாணைப் பக்கவாட்டிலிருந்து சின்ன சிலிக்கான் துண்டை வைத்து நடுவுக்குத் தள்ளிவிடுவார்கள். இதில் ஆளை முழுக்க மயக்குவதில்லை. கழுத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, அவரைப் பேசவைத்துப் பேசவைத்தே துண்டின் அளவைச் சரிசெய்ய வேண்டும். பேசவைப்பது என் வேலை. பச்சைத் துணிக்கு அடியில் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் என் விரல் இரண்டை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னேன். காற்று வந்தது. டாக்டர் துண்டை எடுத்துச் செதுக்கி மறுபடி வைத்தார். எண்ணச் சொன்னேன். நெரிபட்ட குரல், பழைய ரேடியோவில் வருவது போல. மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை வைத்துவிட்டுத் தலையாட்டினார். எண்ணிக்கை அலுத்துப்போயிருந்தது. "வீட்ல கூப்பிடற மாதிரி யாரையாவது கூப்பிடுங்கக்கா" என்றேன். அவர் மகளைக் கூப்பிட்டார். "பாப்பா" என்ற அந்தச் சொல் அறையின் மறுகோடி வரை போயிற்று. கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அக்காவே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். அதுவரை நான் அவருடைய குரலைக் கேட்டதே இல்லை. நினைத்ததைவிடக் கனமாக, கொஞ்சம் அதிகாரமாகக்கூட இருந்தது.

இதோடு நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்து அக்கா தனியாக பஸ் ஏறி வந்து, தன் கையால் தாளை நிரப்பினார். முப்பத்தொன்று வந்தது. டாக்டர் பத்துக்குள் எதிர்பார்த்திருந்தார். கேமராவில் எல்லாம் சரி. 'ஆ' பதினான்கு நொடி நின்றது. புரை ஏறுவதில்லை. நான் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். 'நான் சொல்வதை வீட்டில் உள்ளவர்கள் காதில் வாங்குவதில்லை' என்ற கேள்விக்கு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, எப்போதும் என்று போட்டிருந்தார்.

"இப்பத்தான் குரல் நல்லாக் கேக்குதே அக்கா?" என்றேன்.

"கேக்குதுங்க. அந்த ரூம்புத் தாழ்ப்பாளைக் கழட்டுங்கன்னு மூணு மாசமா சொல்லிட்டு இருக்கேனுங்க. நூலு களவு போயிருமுன்னு சொல்றாரு. ஆகட்டும் பாக்கலாமுன்னு சொல்றாரு. எனக்குக் குரல் போறதுக்கு முன்னாடியும் இப்படித்தானுங்க சொல்லுவாரு, வேற வேற விசயத்துக்கு."

"அப்படின்னா குரல் போறதுக்கு முன்னாடியே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா?"

"எப்போதும்தானுங்க." சிரித்துவிட்டார். "அப்ப யாரு அம்மிணி இதைத் தாள் போட்டுக் கேட்டாங்க?"

நான் அதைத் திருத்தவில்லை. முப்பத்தொன்று என்றே எழுதி அனுப்பினேன். இவ்வளவு நல்ல ஆபரேஷனுக்கு இந்த எண் ஏன் என்று டாக்டர் கேட்டபோது விளக்கிச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, "இதுக்கு நம்மகிட்ட ஆபரேஷன் இல்லைம்மா" என்று கையெழுத்துப் போட்டார். தாழ்ப்பாள் இருக்கும்வரை, நூல் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டுத்தான் உள்ளே போவதாக அக்கா போகும்போது சொன்னார்.

என் இரண்டு வருடம் முடிந்ததும் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு வந்துவிட்டேன். இங்கே என் அறைக்கு ஜன்னல் இருக்கிறது. கேள்விகள் இப்போது டேப்லெட்டில் வருகின்றன, ஒரு கேள்வியைக் காலியாக விட்டால் அடுத்ததற்கு நகராது. எல்லோரும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நானே வாய்விட்டுப் படிக்கிறேன். நேரமாகிறது என்று நிர்வாகத்தில் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் சில நாள் அலுப்பாகத்தான் இருக்கிறது. அலுப்பான நாளில் பேனா கையில் இருந்தால் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும், அதனால் பேனா வைத்துக்கொள்வதில்லை.

போன மாதம் ஒரு காலை வேளையில் அக்கா போன் செய்தார். எடுத்ததும் தறிச் சத்தம்தான் கேட்டது. "யாருங்க?" என்று மூன்று நான்கு முறை கத்தினேன். அந்தப் பக்கமும் யாரோ ஏதோ சொல்வது தெரிந்தது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிறகு போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு அவர் உரக்கச் சொன்னது கேட்டது. "ஏனுங்க, தறியைக் கொஞ்சம் நிறுத்துங்க. நான் பேசணும்."

ஒரு தறி நின்றது. இன்னொன்று நின்றது. சற்றுப் பொறுத்து மூன்றாவதும் நின்றது. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது அவரு தறிங்க, நிறுத்த மாட்டாரு" என்றார் அக்கா, இப்போது தெளிவாக. "பரவால்லீங்க, பேசலாம். ஒண்ணு சொல்லணும்னுதான் கூப்பிட்டேன் அம்மிணி. கடைசியாத் தாள்ல எப்போதும்னு அழுத்திப் போட்டேனுங்களே, காதுல வாங்கறதில்லைன்னு. இப்ப ஒண்ணு ரெண்டு வாங்கறாங்க. அதைச் சில நேரமுன்னு மாத்திக்குங்க."

அந்தத் தாள் சேலத்தில், எனக்கு இனி உரிமையில்லாத ஏதோ ஓர் அலமாரியில் இருக்கிறது. மாற்றினாலும் கூட்டுத்தொகை முப்பத்தொன்றிலிருந்து இருபத்தொன்பதாகும், அதை எங்கள் துறையில் முன்னேற்றம் என்று யாரும் எழுத மாட்டார்கள். "மாத்திக்கறேன் அக்கா" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பின்னால் மூன்று தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவர் நிறுத்தவில்லை, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றிப் பேசிக்கொண்டே போனார். பாதிதான் புரிந்தது. நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, அவராக வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.